மீன் தொட்டிக்கு மூடி போட்டீர்களா?

பால் பாத்திரத்தை மூடாமல் என்றைக்காவது நாம் படுக்கப் போனதுண்டா? தயிர்க் கிண்ணம், மாவுத் தூக்கு, தண்ணீர்க் குடம் என்று எல்லாவற்றுக்கும் ஒரு மூடி தேடி வைத்திருக்கிறோம். ஆனால் கூடத்தில் ஆசை ஆசையாக வாங்கி வைத்த மீன் தொட்டிக்கு மூடி வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. திறந்து இருந்தால்தான் பார்க்க அழகு, மீனுக்கும் காற்றுப் படும் என்று நானாக நினைத்துக் கொண்டிருந்தேன். அதனால் வந்த வினையைத்தான் சொல்லப் போகிறேன். ஒரு மீன் போனதோடு நின்றிருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

நாங்கள் பெரம்பூர்வாசிகள். கொளத்தூர் எங்களுக்குக் கூப்பிடு தூரம். கொளத்தூர் என்றாலே சென்னைக்காரர்களுக்கு வண்ண மீன் ஞாபகம்தான் வரும். தெருத் தெருவாக மீன் கடைகள். குடும்பம் குடும்பமாக மீன் குஞ்சு வளர்த்து விற்பவர்கள் அந்தச் சுற்று வட்டாரத்தில் நிறைய உண்டு. 2022-ஆம் வருஷம் என் சின்ன மகனின் பிறந்த நாளுக்கு அவன் அப்பா அவனை அங்கே அழைத்துப் போய், ஒரு அடி நீளத் தொட்டியும் ஒரு ஃபைட்டர் மீனும் வாங்கிக் கொடுத்தார். "இவன் சண்டைக்காரன், தனியாத்தான் விடணும்" என்று கடைக்காரர் சொல்லி அனுப்பினாராம். மூடியைப் பற்றி அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

அந்த மீனின் நிறத்தை எப்படிச் சொல்வது? மயில்கழுத்துப் பட்டுப் புடவை என்போமே, அதே நிறம். வால் முந்தானை மாதிரி விரிந்து தொங்கும். இரண்டே நாளில் வீட்டில் எல்லோருக்கும் செல்லமாகிவிட்டது.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணுக்கு ஏழு வயதில் ஒரு பையன். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மா வேலை முடிக்கும் வரை கூடத்தில் உட்கார்ந்திருப்பான். மீன் வந்த பிறகு அவனுக்குத் தொட்டிதான் உலகம். கண்ணாடிமேல் விரலை வைப்பான். ஃபைட்டர் உடனே செவுளை விரித்துக்கொண்டு சண்டைக்கு வரும். இவன் விழுந்து விழுந்து சிரிப்பான். என் மகனை விட அவனிடம்தான் அந்த மீனுக்கு ஸ்நேகம் என்றுகூடத் தோன்றும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை தொட்டியில் மீன் இல்லை.

செடிக்குள் பார்த்தோம், கூழாங்கல்லைக் கிளறிப் பார்த்தோம், தொட்டியைச் சுற்றித் தரையில் பார்த்தோம். எங்குமே இல்லை. பூனை வர வழியில்லை, ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்திருக்கிறது. என் மகன் அழுதுகொண்டே பள்ளிக்கூடம் போனான். அப்போதுதான் என் புத்தி கெட்டது. முந்தின நாள் சாயங்காலம் அந்தப் பையன் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு டம்ளரோடு நின்றது ஞாபகம் வந்தது. தண்ணீர் குடிக்க நான் கொடுத்த டம்ளர்தான்!

நேராகக் குற்றம் சாட்டவில்லை என்று என்னை நானே அப்போது சமாதானப்படுத்திக் கொண்டேன். "உன் பையன் விளையாட்டா எடுத்துட்டுப் போயிட்டானோ என்னவோ, சும்மா கேட்டுப் பாரேன்" என்றேன். இதற்கு மேல் நேராக என்ன கேட்க வேண்டும்? அவள் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, "எம் புள்ள எடுக்க மாட்டாம்மா" என்றாள். மறுநாள் பையன் வரவில்லை. "வீடெல்லாம் தேடிட்டேன்மா. ரெண்டு அடியும் போட்டேன். அப்பவும் எடுக்கலைன்னுதான் சொல்றான்" என்றாள். நான் ஒன்றும் பேசவில்லை.

சனிக்கிழமை கூடத்தைப் பெருக்கித் துடைக்கும்போது, தொட்டிக்கு நான்கடி தள்ளியிருக்கும் பீரோவுக்குப் பின்னால் துடைப்பத்தில் ஏதோ சரசரவென்று வந்தது. காய்ந்த வெற்றிலைச் சருகு மாதிரி இருந்தது. எறும்பு மொய்த்திருந்தது. வால் மட்டும் கொஞ்சம் நீலமாக இருந்தது.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மீனுக்காக இல்லை, அந்தக் குழந்தை வாங்கிய இரண்டு அடிக்காக.

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த என் மாமியார்தான் முதலில் வாயைத் திறந்தார். "குதிச்சிருக்கு. மீன்னா குதிக்காதா? எங்க ஊர்ல வந்து பார்த்தா தெரியும்." அவருக்குப் பிறந்த ஊர் தரங்கம்பாடிப் பக்கம் ஒரு கிராமம். உயிர் விரால் வாங்கி வந்தால் தவலையில் தண்ணீர் விட்டு மீனைப் போட்டு, மேலே தாம்பாளத்தைக் கவிழ்த்து, அதன் மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைப்பார்களாம். இல்லாவிட்டால் விடிவதற்குள் விரால் கொல்லைக்குப் போய்விடுமாம். பனையேறிக் கெண்டை என்று ஒரு மீனைப் பற்றியும் சொன்னார். மழை பெய்தால் குட்டையை விட்டு ஏறி, செவுள் முள்ளை ஊன்றி ஊன்றித் தரையில் நகர்ந்து அடுத்த வயலுக்குப் போகுமாம். இது கட்டுக்கதை இல்லை. தரங்கம்பாடி டென்மார்க்காரர்கள் வசம் இருந்த காலத்தில், டால்டார்ஃப் என்ற அதிகாரி 1791-இல் அங்கே ஒரு பனைமரத்துப் பொந்திலிருந்து இந்த மீனைப் பிடித்ததாக எழுதி, அது 1797-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் வந்திருக்கிறது. மரத்துக்கு அதைக் காக்கையோ பருந்தோ கொண்டு போயிருக்கும் என்று பிற்பாடு வந்தவர்கள் சொன்னார்கள். மரம் ஏறியதோ இல்லையோ, தரையில் நகரும் என்பது மட்டும் உண்மை.

வேடிக்கை என்னவென்றால், எங்கள் வீட்டு ஃபைட்டரும் அந்தப் பனையேறிக் கெண்டையும் ஒரே வகையறாவாம். இரண்டுக்கும் செவுளுக்கு மேலே ஒரு தனி உறுப்பு உண்டு. மேலே வந்து வாயால் காற்றைக் குடித்து அதன் மூலமும் சுவாசிக்கும். ஃபைட்டரின் சொந்த ஊர் தாய்லாந்துப் பக்கம். நெல் வயல், சேற்றுக் குட்டை, முழங்கால் அளவுகூட இல்லாத தண்ணீர். அங்கே தண்ணீர் வற்றினாலோ கெட்டாலோ எம்பிக் குதித்தால் அடுத்த குட்டையில் விழலாம். நம் கூடத்தில் குதித்தால் மொசைக் தரைதான்! பாவம், அதற்கு எப்படித் தெரியும்?

சாயங்காலம் அவள் வந்ததும் மீனைக் காட்டினேன். "தப்பு என் பேர்லதான். மூடி போடாதது நான். பையனை அழைச்சுட்டு வா, நானே அவன்கிட்ட சொல்றேன்" என்றேன். "விடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள். பையன் வரவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் பாட்டி வீட்டுக்குப் போகிறான் என்றாள்.

அதன் பிறகுதான் கொளத்தூருக்கு நானே போய் அந்தக் கடைக்காரரிடம் உட்கார்ந்து விவரம் கேட்டேன். நல்ல மனிதர், பொறுமையாகச் சொன்னார். அவர் சொன்னதும் பின்னால் நானே பட்டுத் தெரிந்துகொண்டதும் சேர்த்துச் சொல்கிறேன்.

எல்லா மீனும் ஒரே மாதிரி குதிப்பதில்லை. ஃபைட்டர், கௌராமி, வரிக்குதிரை மாதிரி கோடு போட்ட ஜீப்ரா மீன், சிவப்பு வால் ஷார்க் இவையெல்லாம் குதிப்பதில் கெட்டிக்காரர்கள். மோலி, கப்பிகூடச் சமயத்தில் குதிக்கும். கோல்டு ஃபிஷ் கொஞ்சம் சாது, ஆனாலும் நம்ப முடியாது. வாஸ்துவுக்கு நல்லது என்று சில வீடுகளில் வளர்க்கும் அரோவானா இருக்கிறதே, அதன் பிழைப்பே குதிப்பதுதான். தென் அமெரிக்க ஆறுகளில் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கிளையில் உள்ள பூச்சியை எம்பிப் பிடித்துத் தின்கிற ஜாதி அது. அதற்குச் சும்மா மூடி போதாது, மூடிமேல் கனமும் வைக்க வேண்டும்.

மூடிக்கு நான் என்ன செய்தேன் என்றால், தொட்டியின் அளவைக் காகிதத்தில் வெட்டி எடுத்துக்கொண்டு எங்கள் தெருமுனைக் கண்ணாடிக் கடைக்குப் போனேன். ஐந்து மில்லிமீட்டர் கனத்தில் ஒரு கண்ணாடித் துண்டு. ஒரு மூலையை மட்டும் சின்னதாக வெட்டச் சொன்னேன். காற்றுக் குழாயும் ஒயரும் போக அது போதும். விளிம்பை மழுங்கத் தேய்த்துக் கொடுக்கச் சொல்ல மறக்காதீர்கள், இல்லாவிட்டால் தீனி போடும் குழந்தையின் கையைக் கிழித்துவிடும். பெரிய தொட்டி என்றால் இரண்டு துண்டாக வாங்கினால் தூக்கச் சுலபம்.

அந்த வெட்டின மூலையில்தான் சூட்சுமம் இருக்கிறது. மீனுக்கு வழி தேடத் தெரியும். "இவ்வளவு பெரிய மூடியில் இந்தச் சின்ன ஓட்டையா" என்று நாம் நினைப்போம், அது சரியாக அங்கேதான் எம்பும். விரல் நுழையும் இடைவெளியில் ஃபைட்டர் நுழைந்துவிடும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் புதிதாக ஒன்றை, சோப்பே படாததை, துண்டு வெட்டி அந்த இடைவெளியில் செருகி வைத்தேன். காற்றும் போகும், மீன் போகாது.

கண்ணாடிக்குச் செலவு செய்ய வேண்டாம் என்றால் ஜன்னலுக்கு ஒட்டுகிற நைலான் கொசுவலையில் மிச்சம் இருக்குமே, அதைத் தொட்டி விளிம்பில் சுற்றி ஒட்டிவிடலாம். வெயில் காலத்துக்குக் கண்ணாடியை விட வலையே மேல், தொட்டி சூடாகாது. சின்னக் கண்ணாடி ஜாடி என்றால் பிளாஸ்டிக் சல்லடையைக் கவிழ்த்தாலே போயிற்று. பித்தளை, செம்புத் தட்டு மட்டும் வேண்டாம். ஆவி பட்டுச் சொட்டும் தண்ணீரில் செம்பு இறங்கினால் மீனுக்கு விஷம். தண்ணீரையும் விளிம்பு வரை ததும்ப ததும்ப ஊற்றாதீர்கள். மேலே இரண்டு மூன்று அங்குலம் விட்டுவிட வேண்டும். ஃபைட்டர், கௌராமிக்கு அந்த இடைவெளியில் இருக்கும் காற்றுதான் மூச்சு, அதனால் மூடியும் தண்ணீரும் ஒட்டிக்கொண்டிருக்கவே கூடாது.

மூடி போட்டதோடு என் கவலை தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். அடுத்த வருஷம் பெரியவள் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினாள் என்று இரண்டடித் தொட்டி ஒன்று வந்தது. அதில் மோலியும் கௌராமியுமாக எட்டு மீன்கள். ஒரு வெள்ளிக்கிழமை வீடு கழுவுகிற ஜோரில் தொட்டியையும் பளிச்சென்று கழுவினேன். பழைய தண்ணீர் முழுவதையும் கொட்டினேன். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து வெள்ளையாக்கினேன். குழாய்த் தண்ணீரை அப்படியே பிடித்து ஊற்றினேன். தொட்டி கண்ணாடி மாதிரி ஜொலித்தது. எனக்கு ஒரே பெருமை. இராத்திரி பதினோரு மணிக்கு "டக்... டக்..." என்று சத்தம். போய்ப் பார்த்தால், மீன்கள் மூடியில் மண்டையை மோதிக்கொண்டிருக்கின்றன! மற்றவை மேலே வந்து வாயை வாயைத் திறக்கின்றன.

மீன் குதிப்பது குறும்புக்காக மட்டும் இல்லை. "இந்தத் தண்ணீரில் என்னால் இருக்க முடியவில்லை" என்று அது சொல்கிற பாஷையும் அதுதான். நான் மூடியைப் போட்டு அதன் வாயை அடைத்திருக்கிறேன், அவ்வளவுதான். நம் குழாய்த் தண்ணீரில் கிருமிக்காகப் போடுகிற குளோரின் மீனின் செவுளை எரிக்கும். வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும். அவசரத்துக்கு மீன் கடையில் குளோரினை முறிக்கும் சொட்டு மருந்து கிடைக்கிறது. இன்னொன்று, மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அதைத் தின்று மாற்றுகிற நல்ல நுண்ணுயிர்கள் குடியிருப்பதே அந்த அழுக்கு ஸ்பாஞ்சில்தான். தயிர் உறை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். நான் உறையையே கழுவிக் கொட்டிவிட்டேன்! புதுத் தொட்டியில் அவை பெருகிச் சரியாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதனால்தான் புதுத் தொட்டியில் மீன் அதிகம் குதிக்கிறது, அதிகம் சாகிறது. வாங்கிய அன்றே பத்து மீனைக் கொட்டாமல் இரண்டு மூன்றாக விட வேண்டும்.

அன்றிலிருந்து வாரத்துக்கு ஒரு முறை கால் பங்குத் தண்ணீர்தான் மாற்றுகிறேன். ஸ்பாஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த அந்தப் பழைய தண்ணீரிலேயே இரண்டு முறை அலசிவிட்டு வைத்துவிடுகிறேன். தீனி, இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கிற அளவு. வீட்டில் ஆளாளுக்குப் போடுவதைத் தடுக்க, டப்பாவை என் மாமியார் வசம் ஒப்படைத்துவிட்டேன். அவர் கையிலிருந்து ஒரு மணி அதிகம் வாங்க முடியாது.

கோடையில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். தண்ணீர் சூடாக ஆகப் பிராணவாயு குறையும். கரண்ட் போய் ஃபில்டரும் நின்றால் கேட்கவே வேண்டாம். பேட்டரியில் ஓடும் சின்னக் காற்று மோட்டார் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அது இல்லாதவர்கள் ஒரு டம்ளரால் தொட்டித் தண்ணீரையே எடுத்து, கொஞ்சம் உயரத்திலிருந்து டீ ஆற்றுகிற மாதிரி திரும்ப ஊற்றிக்கொண்டிருந்தால் தாக்குப் பிடிக்கும்.

இருட்டில் இருக்கும் மீனுக்கு முன்னால் திடீரென்று விளக்கைப் போட்டாலும் மிரண்டு எம்பும். முதலில் கூடத்து விளக்கு, கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டி விளக்கு. குழந்தைகள் கண்ணாடியைத் தட்டினாலும் இதே கதைதான். மேலே மிதக்கும் செடி கொஞ்சம் இருந்தால் மீனுக்கு ஒரு மறைவு, குதிப்பதும் குறைகிறது. ஒரு மீனை இன்னொன்று ஓயாமல் துரத்துகிறதா என்றும் பாருங்கள். அடி தாங்காமல் குதிக்கிற மீனுக்கு மூடி மருந்தில்லை, வேறு தொட்டிதான் மருந்து.

அப்படியும் குதித்துவிட்டால்? எங்கள் வீட்டில் தண்ணீர் மாற்ற மூடியை எடுத்து வைத்த ஐந்தாவது நிமிஷம் ஒரு கறுப்பு மோலி குதித்தது. நான் "ஐயையோ" என்று கத்திக்கொண்டு நிற்க, பெரியவள்தான் கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு இரண்டு உள்ளங்கையாலும் அதை ஏந்தித் தொட்டியில் விட்டாள். உலர்ந்த கையாலோ துணியாலோ பிடித்தால் அதன் மேல்தோலின் வழவழப்பு உரிந்துபோய், அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். தூசியைத் தேய்த்து எடுக்கக் கூடாது. தொட்டித் தண்ணீரிலேயே மெதுவாக அலைந்தால் அதுவாகப் போகும். அசையவில்லையே என்று உடனே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். செவுள் ஈரமாக இருக்கும் வரை உயிர் இருக்கலாம். ஃபைட்டர் மாதிரி காற்றைக் குடிக்கிற மீன் மற்றவற்றை விட அதிக நேரம் தாங்கும். விளக்கை அணைத்துவிட்டு, அன்றைக்குத் தீனி போடாமல் சும்மா விட வேண்டும். பத்து லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் வீதம் கல்லுப்பைத் தனியாகக் கரைத்து ஊற்றினால் நல்லது. அயோடின் சேர்த்த தூள் உப்பு வேண்டாம். கெளுத்தி ஜாதி மீன் கூட இருந்தால் உப்பே வேண்டாம். எங்கள் மோலி இரண்டு நாள் மூலையில் முடங்கியிருந்துவிட்டு எழுந்துகொண்டது.

கைக்குழந்தை உள்ள வீட்டுச் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. மூடி, மீன் வெளியே வராமல் இருக்க மட்டும் இல்லை, குழந்தையின் கை உள்ளே போகாமல் இருக்கவும்தான். தொட்டிப் பக்கத்தில் ஸ்டூலை வைக்காதீர்கள். பிளக்கை நோக்கிப் போகும் ஒயர் நேராகப் போகாமல், பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலே ஏறட்டும். அப்போதுதான் ஒயர் வழியே வழிகிற தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் கீழே சொட்டும். தண்ணீரில் கை வைக்கும் முன் எல்லா சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். கையில் வெட்டுக் காயம் இருந்தால் அன்றைக்குத் தொட்டியைத் தொட வேண்டாம், அந்தத் தண்ணீரிலிருந்து தோலில் ஆறாத புண் வருவதுண்டு. குழாயை வாயால் உறிஞ்சித் தண்ணீர் இறக்காதீர்கள், குழாயை முதலிலேயே தண்ணீரால் நிரப்பிக்கொண்டால் தானே இறங்கும். எல்லாம் முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சமையலறைக்குள்.

அந்தப் பையன் விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே. ஏறக்குறைய எட்டு மாதம் அவன் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. கோடை லீவில் ஒரு நாள் அவன் பாட்டி ஊருக்குப் போயிருந்ததால், வேறு வழியில்லாமல் அவனை அழைத்து வந்தாள். வாசற்படியைத் தாண்டி உள்ளே வராமல் நின்றான். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அன்னைக்கு நீ எடுக்கலை. அது தானா குதிச்சுடுச்சு. ஆன்ட்டிதான் தப்பா நினைச்சுட்டேன்" என்றேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. என் தோளுக்கு மேலாகத் தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் புது ஃபைட்டர் ஒன்று இருந்தது, சிவப்பு.

"இதுக்கு மூடி இருக்கா?" என்றான்.

"இருக்கு. வந்து பாரு."

வந்து பார்த்தான். கண்ணாடியின் நான்கு பக்கமும் விரலை ஓட்டிப் பார்த்தான். வெட்டின மூலையில் வைத்திருந்த ஸ்பாஞ்ச் துண்டு கொஞ்சம் விலகியிருந்தது. அதை உள்ளே தள்ளி அழுத்திவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். கண்ணாடிமேல் விரலை மட்டும் வைக்கவில்லை.